சுற்றுச்சூழல் உறைக்குள் சினிமா: லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

போன வருஷம் போகிக்கு முதல் நாள். ஆயா வீட்டுப் பரணைக் காலி பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பித்தளை அண்டா, கால் உடைந்த ஸ்டூல் எல்லாவற்றுக்கும் பின்னால் மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள் இருந்தன. திறந்தால் எல்லாம் விசிடி, டிவிடி. எங்க மாமா பத்து வருஷத்துக்கு மேல் தேரடி வீதிப் பக்கம் சிடி கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது விற்காமல் நின்ற சரக்கும், வாடகைக்கு விட்ட சரக்கும் அப்படியே பரணில் ஏறிவிட்டன.

"எதெது ஓடுதுன்னு பார்டா, ஓடுறத எடுத்து வை, மத்தத காயலாங்கடைக்குப் போட்டுடலாம்" என்றார் மாமா. பழைய பிளேயர் ஒன்றைத் தட்டி எழுப்பி உட்கார்ந்தேன். ஒரு பெட்டி முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்கள். அதில் இருந்தவை பெரும்பாலும் ஓடின. மற்ற இரண்டு பெட்டிகளில் பேப்பர் கவர், மடித்த அட்டை உறை. அதில் பாதிக்குமேல் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, இல்லையென்றால் பிளேயர் 'நோ டிஸ்க்' என்று சொல்லிவிட்டது.

நான் படிப்பது பி.காம். சுற்றுச்சூழல் கல்வி எங்களுக்குக் கட்டாயப் பாடம். "பிளாஸ்டிக்கைத் தவிர்த்து காகிதம், அட்டை பயன்படுத்த வேண்டும்" என்று எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும். ஆனால் அன்றைக்கு மடியில் கிடந்த தகடுகள் வேறு கணக்கு சொன்னன. அந்தக் கணக்கைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எந்தப் பொருளுக்கு எந்த உறை என்று பார்க்காமல் 'பசுமை' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

உறைக்கு என்ன வேலை?

சிடியும் டிவிடியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டுமே 120 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன், 15 கிராம் சொச்சம் எடை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்தான் உடம்பு. உள்ளே அமைப்பு மட்டும் வேறு. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருப்பார்கள், சாண்ட்விச் மாதிரி. சிடியில் அப்படி இல்லை. தகவல் இருக்கும் அலுமினியப் படலம் மேல்பக்கம், அதாவது படம் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பிடிப்போம். உண்மையில் சிடியின் உயிர் மேல்பக்கத்தில் இருக்கிறது.

விசிடி என்பது சிடியில் போட்ட சினிமா. 1993-ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த தரம். ஒரு தகட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். நம்ம படம் இரண்டரை மணி நேரம் என்றால் இரண்டு, சில சமயம் மூன்று தகடு வேண்டும். அந்த அளவாவது பிடிக்க வேண்டுமே என்று ஒரு தியாகம் செய்தார்கள். கம்ப்யூட்டர் தகவல் போடும் சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட்தான் தகவல், மீதி இடத்தில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தை எடுத்துவிட்டு 2324 பைட் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் விசிடியில் ஹீரோ முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்துவிடுகிறது.

இப்போது உறைக்கு வருவோம். கெட்டி டப்பாவின் நடுவில் பல் வைத்த ஒரு குமிழ் இருக்கும். தகட்டின் ஓட்டை அதில் மாட்டிக்கொள்ளும். தகவல் இருக்கும் பரப்பு எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். டப்பாவின் முக்கியமான வேலையே அதுதான். பேப்பர் உறையிலும் மடித்த அட்டையிலும் அந்தக் குமிழ் கிடையாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பரப்பு முழுக்க உரசித்தான் ஆக வேண்டும். சில அட்டை உறைகளில் குமிழுக்குப் பதில் சின்ன ஸ்பாஞ்ச் பொட்டு ஒட்டியிருப்பார்கள். நாலைந்து வருஷத்தில் அது மாவாக உதிர்ந்து, தகடு உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

இசைத்தட்டுக் காலத்துப் பாடம்

காகித உறை புதுசா? இல்லவே இல்லை. வீட்டில் வீடியோ வராத காலத்தில் சினிமா வீட்டுக்குள் வந்தது இசைத்தட்டு வழியாகத்தான். பாட்டு மட்டுமில்லை, படத்தின் கதை வசனத்தையே தட்டில் பதிந்து விற்றார்கள். அவை எல்லாமே காகித, அட்டை உறைகளில்தான் வந்தன. அதில் பல இன்றைக்கும் ஓடுகின்றன.

அப்புறம் ஏன் சிடிக்கு மட்டும் அட்டை ஒத்துவரவில்லை என்று கேட்கலாம். எல்.பி. தட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய உறை, வெளியே கெட்டியான அட்டை என்று இரண்டு அடுக்கு இருந்தது. வாங்குபவர்களும் அதை விலை உயர்ந்த பொருளாக நினைத்து, நிற்க வைத்து அடுக்கி, ஓரத்தைப் பிடித்து எடுத்தார்கள். அந்த உறை எடையைக் குறைப்பதற்காக வந்ததில்லை, தட்டைக் காப்பதற்காக வந்தது. பின்னால் வந்த 'பசுமை' உறைகள் அட்டையை எடுத்துக்கொண்டன, அந்தக் கெட்டித்தனத்தை விட்டுவிட்டன.

அமெரிக்காவில் ஆரம்பித்த கதை

சிடி உறையைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாக முதலில் பெரிதாகப் பேசியது அமெரிக்கா. அங்கே 1980-களில் சிடி வந்தபோது கடைகளில் இருந்த அலமாரி எல்லாம் எல்.பி. அளவுக்குச் செய்தவை. அதில் நிற்பதற்காக, சின்ன சிடி டப்பாவை 12 அங்குல நீள அட்டைப்பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அதற்கு லாங்பாக்ஸ் என்று பெயர். வீட்டுக்குப் போனதும் அந்த அட்டை நேராகக் குப்பைக்கு. ரசிகர்களும் சில பாடகர்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, 1993-ல் அதைக் கைவிட்டார்கள். அது நல்ல முடிவு. வெளியே இருந்த வீண் அட்டை போனது, உள்ளே இருந்த டப்பா அப்படியே நின்றது. தகடு எதையும் இழக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை அப்படி இல்லை. 1997-ல் அமெரிக்காவில் டிவிடி வந்தபோது வார்னர் நிறுவனம் அட்டை முகப்பும் பிளாஸ்டிக் கொக்கியும் கொண்ட 'ஸ்னாப் கேஸ்' உறையைப் பயன்படுத்தியது. ஓரம் நைந்துபோகிறது, முனை மடங்குகிறது என்று சேகரிப்பவர்கள் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். சில வருஷங்களில் வார்னரே அதை விட்டுவிட்டு மற்றவர்களைப் போல பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது.

2006 செப்டம்பரில் வால்மார்ட் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தனக்குச் சரக்கு தருபவர்கள் 2013-க்குள் பேக்கிங்கை 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்று. டிவிடி விற்பனையில் வால்மார்ட் மிகப் பெரிய கடை. அது சொன்னால் ஸ்டுடியோக்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2009 வாக்கில் 'ஈகோ கேஸ்' என்ற டப்பாக்கள் பரவலாக வர ஆரம்பித்தன. வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான டிவிடி டப்பாதான். திறந்து பார்த்தால் தகடு இருக்கும் இடத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்திருப்பார்கள். சிலவற்றில் ஓட்டை மறுசுழற்சி அம்புக்குறி வடிவத்திலேயே இருக்கும்! தகட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் அச்சடித்த தாளும் மெல்லிய பாலிதீன் உறையும் மட்டும்தான். விரலால் அழுத்தினால் தகட்டில் படும். டப்பா வளையும், குமிழ் பிடி தளரும், பெட்டிக்குள்ளேயே தகடு கழன்று உருளும்.

எடை குறைந்ததால் லாரி வாடகையும் பிளாஸ்டிக் செலவும் குறைந்தது நிஜம். அந்த மிச்சம் உற்பத்தியாளர் கணக்கில் வரவு. கழன்று கீறல் விழுந்த தகடு வாங்கியவர் கணக்கில் பற்று. இதுதான் நான் சொல்ல வரும் விஷயத்தின் மையம்.

இதே அமெரிக்காவில் காகித உறை பிரமாதமாக வேலை செய்த உதாரணமும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 1998-ல் தபாலில் டிவிடி அனுப்பும் கம்பெனியாகத்தான் ஆரம்பித்தது. டப்பா கிடையாது, ஒரு மெல்லிய உறையில் தகடு, அதைச் சுற்றிச் சிவப்புக் காகித உறை. 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறையை அனுப்பும்வரை 520 கோடிக்கும் மேற்பட்ட தகடுகளை அப்படி அனுப்பினார்கள். அங்கே தகடு கம்பெனியுடையது. உடைந்தால், கீறல் விழுந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. வாடிக்கையாளர் 'ஓடலை' என்றால் வேறு தகடு வரும். உறையில் மிச்சம் பிடித்தவரே சேதத்துக்கும் பொறுப்பு. அதனால் அந்தக் கணக்கு நேர்மையாக இருந்தது. விற்பனை டிவிடியில் மிச்சம் ஒருவருக்கு, சேதம் இன்னொருவருக்கு.

நம்ம ஊரில் நடந்தது

இங்கே மெல்லிய உறை வந்த வழியே வேறு. சுற்றுச்சூழல் அக்கறையில் வரவில்லை, விலைப் போட்டியில் வந்தது.

2000-களின் தொடக்கத்தில் ஒரிஜினல் டிவிடி நூறு ரூபாய்க்கு மேல். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக லண்டன் ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் கெட்டி டப்பாவில் அழகாகப் போட்டன. உள்ளூரில் புதுப்படம் என்றால் 'திருட்டு விசிடி'தான். பாலிதீன் கவர், உள்ளே மங்கலாக அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

2007-ல் மோசர் பேயர் களத்தில் இறங்கியது. வெற்றுத் தகடு தயாரித்து உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த இந்தியக் கம்பெனி. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அறிவித்தது. பெரும்பாலும் பழைய படங்கள்தான். ஆனாலும் அதுவரை ஒரிஜினலே வாங்காத குடும்பங்கள் பெட்டிக்கடையிலும் மளிகைக்கடையிலும் சினிமா வாங்கின. இது சாதாரண விஷயமில்லை. எங்க வீட்டிலேயே சிவாஜி படங்களும் எம்.ஜி.ஆர். படங்களும் சொந்தமாக வந்தது அந்தக் காலத்தில்தான்.

கொஞ்சம் காஸ்டிங் போட்டுப் பாருங்கள். விற்பனை விலை 28 ரூபாய். அதில் கடைக்காரர் கமிஷன், மொத்த வியாபாரி பங்கு, போக்குவரத்து, வரி, படத்தின் உரிமைத் தொகை, தகடு. இதெல்லாம் போக உறைக்கு என்ன மிஞ்சும்? அந்த விலை வந்த பிறகு சந்தையில் யாராலும் தடிமனான டப்பா தர முடியவில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் மெலிந்தார்கள். எங்க மாமா கடைக்கு வந்த சரக்கில் இரண்டு விசிடியை ஒரே பைக்குள் திணித்த அட்டை உறைகள்கூட இருந்தன. ஒரு தகட்டின் முதுகு இன்னொரு தகட்டின் வயிற்றை உரசும். சிலவற்றின் பின்னால் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த உறை' என்று இலை படம் போட்டிருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஐந்து ரூபாய் மிச்சத்துக்கு ஒரு இலைப் படம் போதும் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் சேரன் 2015 மார்ச்சில் 'சினிமா டூ ஹோம்' திட்டத்தில் தன்னுடைய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். திருட்டு டிவிடியோடு மோத வேண்டும் என்றால் விலை அங்கேதான் நிற்க முடியும். அந்த விலைக்குள் உறைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அட்டையால் வந்த இன்னொரு நஷ்டம் அடையாளம். காப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் சேர்த்த 52ஏ பிரிவு ஒன்று இருக்கிறது. வீடியோ படத்தின் உறைமேல் தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, உரிமை பெற்றதற்கான உறுதிமொழி எல்லாம் இருக்க வேண்டும். அதாவது உறை என்பது வெறும் பாதுகாப்பு இல்லை, பத்திரம் மாதிரி. மெல்லிய கவரில் இதெல்லாம் பொடி எழுத்தாகச் சுருங்கியது. அதைவிட மோசம், ஒரிஜினலும் பேப்பர் கவரில், திருட்டும் பேப்பர் கவரில் என்று ஆனபோது பார்த்தவுடன் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. "ஒரிஜினல்னு சொல்லி காசு கேட்டா, 'இதுவும் கவர்லதான இருக்கு'ன்னு திருப்பிக் கேப்பாங்க" என்பார் மாமா. கெட்டி டப்பா ஒரு நம்பிக்கையையும் விற்றுக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

கிரிவலப் பாதையில் ஒரு பரிசோதனை

எங்க ஊரில் மாமா கடைக்கு மாதம் ஒரு நாள்தான் நிஜமான வியாபாரம், பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்கள் அண்ணாமலையார் பாடல்கள், தலபுராணம், பக்திப் படங்கள் வாங்குவார்கள். சென்னை, வேலூர், ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ வருபவர்கள்.

வாங்கிய தகடு எங்கே போகும்? தோள்பைக்குள். அதில் ஏற்கெனவே தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு, தேங்காய் மூடி, விபூதி, குங்குமப் பொட்டலம். அப்புறம் ராத்திரி முழுக்க நடை, அதிகாலை பஸ்ஸில் நெரிசல். பேப்பர் உறைக்குள் கொஞ்சம் விபூதி போனால் என்ன ஆகும்? மெல்லிய தூள், ஆனாலும் தூள்தான். உறையும் தகடும் உரசும் ஒவ்வொரு அசைவிலும் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். அடுத்த பௌர்ணமிக்கு வந்து "போன தடவை வாங்கினது ஓடல சார்" என்று நிற்பார்கள். மாமாவுக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரி கிடையாது. பாவம் என்று வேறு தகடு கொடுத்தால் கைக்காசு நஷ்டம், கொடுக்காவிட்டால் கோயில் வாசலில் நின்று பேச்சு வாங்க வேண்டும். பல நாள் கொடுத்திருக்கிறார்.

சேதத்தின் கடைசிப் பற்று விழுவது சின்னக் கடைக்காரர்மேல்தான். எந்த ஆண்டறிக்கையிலும் அது வராது.

குப்பைக் கணக்காவது சரியா?

சரி, தகடு போனால் போகட்டும், குப்பையாவது குறைந்ததா? அந்த மூன்று பெட்டிகளையும் காயலாங்கடைக்குக் கொண்டுபோனபோது பார்த்தது இது. வெறும் அட்டையை எடை போட்டு எடுத்துக்கொண்டார். பளபளப்பான பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையை ஒதுக்கித் தள்ளினார். அட்டையோடு பிளாஸ்டிக் தட்டு ஒட்டிய உறைகளையும் அப்படியே. "ரெண்டையும் யாருப்பா பிரிச்சிக்கிட்டு இருக்கறது" என்றார். பாலிப்ரொப்பிலீன் டப்பாவை மட்டும் தனியாகப் பிளாஸ்டிக் கணக்கில் எடுத்துக்கொண்டார். எது பசுமை என்று எழுதியிருந்ததோ அதுதான் குப்பைமேட்டுக்குப் போனது.

கெட்டி டப்பாவுக்கு இன்னொரு நல்ல குணம், அளவு எல்லாம் ஒன்றே. ஒன்று உடைந்தால் வேறு டப்பாவை எடுத்து அதே தாளைச் செருகிக்கொள்ளலாம். அட்டை உறை கிழிந்தால் கிழிந்ததுதான், மாற்று கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை தகட்டுக் கணக்கில் இருக்கிறது. பாலிகார்பனேட், அலுமினியம், அரக்கு, மை எல்லாம் ஒட்டிக்கிடக்கும் தகட்டை எங்க ஊரில் யாரும் வாங்குவதில்லை. வயலில் குருவி விரட்டக் கட்டுவார்கள், வண்டிக்குப் பின்னால் பளபளப்புக்கு ஒட்டுவார்கள். மீதி குப்பை. உறையில் கொஞ்சம் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்து, நல்ல தகட்டைப் பிளாஸ்டிக் குப்பையாக்கினால் அதில் எந்த மிச்சமும் இல்லை. கெட்டுப்போனதுக்குப் பதில் இன்னொன்று வாங்கினால் இரட்டைக் குப்பை.

இரண்டாவது தகடு

அந்தப் பெட்டிகளில் விற்பனைச் சரக்கு மட்டும் இல்லை. சித்தி கல்யாண விசிடியும் இருந்தது. 2008-ல் நடந்த கல்யாணம், மூன்று தகடு. பேப்பர் கவரில் போட்டு, ஒரு அட்டை உறையில் செருகிக் கொடுத்திருந்தார்கள். ஒரு காலத்தில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்ததுதான். முதல் தகடு ரிசப்ஷன். மூன்றாவது சாப்பாட்டுப் பந்தியும் வழியனுப்பும். இரண்டாவதில்தான் முகூர்த்தம், தாத்தா தாரை வார்த்துக் கொடுத்தது. தாத்தா 2011-ல் இறந்துவிட்டார். அவர் நடந்து பேசி நாங்கள் பார்க்கக்கூடிய ஒரே படம் அது.

பரணுக்கு மேலே ஓடு. கார்த்திகை மழையில் ஈரம், சித்திரையில் அனல். அட்டை ஈரத்தை உறிஞ்சி, காய்ந்து, மறுபடி உறிஞ்சி, தகட்டின் மேல்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் பிரித்தேன். காகிதத்தோடு வெள்ளிப் படலமும் உரிந்து வந்தது. தகட்டின் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஓட்டை, அதன் வழியாக என் விரல் தெரிந்தது. மேலே சொன்னேனே, சிடியின் உயிர் மேல்பக்கத்தில் என்று. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆயா பக்கத்தில்தான் இருந்தார். "போவுது விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை நம்ம வீட்டுச் சோகமாக மட்டும் பார்க்க வேண்டாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் 'கீசகவதம்' இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964-ல்தான் வந்தது. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக அழிந்தன. 28 ரூபாய், 34 ரூபாய்க்கு வீடு வீடாகப் போன தகடுகள், யாரும் திட்டமிடாமலேயே நம் சினிமாவின் நகல் கிடங்காக ஆயின. பெரிய ஹீரோ இல்லாத 1960-கள், 70-களின் சின்னப் படங்கள் எதையாவது தேடிப் பாருங்கள். எந்த ஓடிடியிலும் இருக்காது, யூடியூபில் இருந்தால் அதுவும் ஏதோ விசிடியிலிருந்து ஏற்றியதாகத்தான் இருக்கும். மோசர் பேயர் கம்பெனியே 2018-ல் கலைக்க உத்தரவாகிப் போய்விட்டது. திரும்ப அச்சடிக்க ஆள் இல்லாத தகடுகள் இன்றைக்கு ஈரப் பேப்பர் கவர்களில் கிடக்கின்றன.

மஞ்சப்பை சொல்லும் பாடம்

எதிர்வாதம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தகடு 15 கிராம், அதற்கு டப்பா பல மடங்கு எடை. கோடிக்கணக்கில் அச்சடித்த தகடுகளுக்கெல்லாம் கெட்டி டப்பா போட்டிருந்தால் பிளாஸ்டிக் மலையே ஆகியிருக்கும். கெட்டி டப்பா போட்டிருந்தால் 28 ரூபாய்க்கு வந்திருக்காது, எங்க வீட்டுக்கும் வந்திருக்காது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துபோகும் படத்துக்குப் பேப்பர் கவர் போதும் என்பதும் நியாயம்தான். கெட்டி டப்பாவிலும் பல் இறுகி ஓட்டைப் பக்கம் விரிசல் விட்ட தகடுகளைப் பார்த்தேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது 'ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும்' பிளாஸ்டிக்கை. கேரி பேக், டீ கப், உறிஞ்சு குழல். கிரிவலப் பாதையில் அந்தத் தடை எவ்வளவு அவசியம் என்று பௌர்ணமி மறுநாள் காலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டிவிடி டப்பா அந்த ஜாதி இல்லை. இருபது வருஷம் அலமாரியில் நிற்பதற்காகச் செய்தது.

2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் தொடங்கியது. மஞ்சப்பை ஏன் நல்லது? மெல்லிசாக இருப்பதாலா? இல்லை. கெட்டியாக இருப்பதால், துவைத்துத் துவைத்துப் பல வருஷம் வருவதால். நம்ம பெரியவர்களின் சிக்கனம் எப்போதுமே நீடித்து உழைப்பதில்தான் இருந்தது. ஈகோ கேஸும் அட்டை உறையும் அதைத் தலைகீழாக்கின. நீடித்து உழைக்க வேண்டிய பொருளுக்குத் தூக்கி எறியும் உறையைப் போட்டுவிட்டு, அதற்குப் பசுமை என்று பெயர் வைத்தன. உறையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் லாபம். உறை, தகடு, உள்ளே இருக்கும் படம், கடைக்காரரின் கைக்காசு எல்லாவற்றையும் ஒரே ஐந்தொகையில் வைத்துப் பார்த்தால் நஷ்டம்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் நிச்சயம் ஒரு பெட்டி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். காகிதம் ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். நான் இழுத்துவிட்டேன். ஓடுகிற தகட்டை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள், கல்யாண விசிடியிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு பழைய கெட்டி டப்பா எங்கே கிடைத்தாலும் மாற்றிப் போட்டு, நிற்க வைத்து அடுக்குங்கள், பரணில் வேண்டாம். டப்பா வாங்கவே தேவையில்லை, காயலாங்கடையில் சும்மாவே கிடக்கிறது. நான் அங்கிருந்துதான் நாற்பது எடுத்து வந்தேன். சித்தி கல்யாணத்தின் முதல் தகடும் மூன்றாவது தகடும் இப்போது அதில்தான் இருக்கின்றன.